கடல் கடந்த தேசபக்தர் செண்பகராமன் பிள்ளை

வடகரையில் நின்று மேற்கே நோக்குவோருக்கு வானை அளாவி நிற்கும் மலைத்தொடர் ஒன்றே கண்ணில் படும். அம்மலைக்கு அப்பால் ஒரு காலத்தில் வேறொரு ராஜ்யம் இருந்தது. அப்பால் என்று சொல்வதுகூட முற்றும் சரியன்று. மலைக்கு இப்புறத்திலேயே, வடகரைக்குச் சில மைல் தூரத்தில் உள்ள செங்கோட்டையும் அந்த ராஜ்யத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதிதான் செங்கோட்டையின் பெரும் பகுதியும், தெற்கே நாஞ்சில் நாடும் தமிழகத்தோடு இணைந்தன. எல்லைக் கல் எங்கே நட்டிருந்தாலும் அங்கே வாழ்ந்தோர் தமிழ் மக்களே. அவர்களுடைய உள்ளத்தில் மூண்ட தேசபக்திக் கனலுக்கு எல்லைக் கல் ஏது?

திருவாங்கூர்த் தமிழர்களிடையே அந்நாளில் தோன்றிய இரு இளைஞர்களை நாம் இங்கு நினைவுகூர்கிறோம். ஒருவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். 1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டு, தம்மையும் மாய்த்துக்கொண்டவர். அவருடைய பெயரை அறியாத சிறுவன் இந்த வட்டாரத்தில் இல்லை. மற்றொருவர் செண்பகராமன் பிள்ளை. அவரைப் பற்றி நம்மவரிடம் கேட்டால் பெரும்பாலோர் எம்டன் கப்பலில் வந்து சென்னையில் குண்டு போட்டவர் என்று ஒரே வரியில் விடை சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரி உண்மையன்று என்பதை நாம் முதலிலேயே கூறிவிடுவது நலம். அவருடைய உண்மைச் சரித்திரம் அந்தக் கட்டுக்கதையைவிடப் பெரியது. அதில் நமக்கு வேண்டிய படிப்பினையும் உண்டு. ஆதலின் அதனைச் சற்று விரிவாகவே நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

செண்பகராமன் 1891ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி திருவனந்தபுரத்தில் பிறந்தார். தந்தையார் சின்னசாமிப் பிள்ளை, தாயார் நாகம்மாள். நாஞ்சில் நாட்டு வேளாளக் குடும்பம். தந்தையார் திருவாங்கூர் சமஸ்தானத்துப் போலீஸில் உத்தியோகம் பார்த்தவர். செல்வமோ செல்வாக்கோ மிகுந்த வீடன்று. சாதாரணமாக இத்தகைய வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய உயர்ந்த பதவி சமஸ்தானக் கச்சேரியில் ஒரு குமாஸ்தா வேலையாகவே இருந்திருக்கும். ஆனால் விதி வேறு விதமாக வகுத்திருந்தது.

அந்நாட்களில் ஸர் வால்டர் ஸ்டிரிக்லண்டு என்ற ஆங்கிலேயர் ஒருவர் உயிரின ஆராய்ச்சிக்காகத் திருவனந்தபுரத்துக்கு வந்துபோவது வழக்கம். பரம்பரைப் பட்டமுடைய பிரபு குடும்பத்தில் பிறந்தவராயினும் தம் நாட்டின் ஏகாதிபத்தியத்தை அடியோடு வெறுத்தவர் அவர். ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தின் பிடியில் சிக்கிக் கிடந்த செக் மக்களிடம் அவருக்கு அளவற்ற பற்று. செக் மொழிக் கவிதைகளையும் நாட்டுக் கதைகளையும் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டவர். பிற்காலத்தில், 1923ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் பிரஜை என்ற உரிமையைத் துறந்து செக்கோஸ்லோவாக்கியக் குடியரசின் பிரஜையாகவே ஆகிவிட்டார் என்றால் அவருடைய மனப்போக்கை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அடிமைப்பட்ட ஒரு தேசத்தை நேசித்த அந்த மனிதரின் கண்ணில் அடிமைப்பட்ட மற்றொரு தேசத்தின் பிள்ளை தென்பட்டது தற்செயல்தான். ஆயினும் அந்தத் தற்செயலிலிருந்தே நம்முடைய கதை பிறக்கிறது.

1908ஆம் ஆண்டில் ஸ்டிரிக்லண்டு தம்முடன் ஐரோப்பாவுக்கு வருமாறு செண்பகராமனையும் அவருடைய உறவினரான பத்மநாப பிள்ளையையும் அழைத்தார். இருவரும் புறப்பட்டார்கள். கப்பல் கொழும்பை அடைந்ததும் பத்மநாபர் இறங்கி ஊர் திரும்பிவிட்டார். பதினேழு வயதுகூட நிரம்பாத செண்பகராமன் திரும்பவில்லை. பிறந்த ஊரையும் பெற்றோரையும் மீண்டும் பார்க்கும் பாக்கியம் தமக்கு இல்லை என்பதை அந்தச் சிறுவன் கொழும்புத் துறைமுகத்தில் நின்றபோது அறிந்திருக்க நியாயமில்லை.

ஐரோப்பாவில் பள்ளிப் படிப்பை முடித்து, ஸ்விட்ஜர்லாந்தில் சூரிச் நகரில் பொறியியல் கற்றார். ஜெர்மன் மொழியில் எழுதவும் பேசவும் நல்ல தேர்ச்சி பெற்றார். மற்ற மாணவர்கள் பட்டத்தையும் உத்தியோகத்தையும் எண்ணிக்கொண்டிருந்த வயதில் அவர் தம் தேசத்தின் வழக்கை ஐரோப்பிய மக்கள் முன் எடுத்துரைக்க முனைந்தார். சர்வதேச இந்திய ஆதரவுக் குழு என்ற ஸ்தாபனத்தைச் சூரிச்சில் நிறுவி அதற்குத் தாமே தலைவரானார். 1914ஆம் ஆண்டில் புரோ இந்தியா என்ற பெயரில் ஜெர்மன் மொழியில் ஒரு மாதப் பத்திரிகையையும் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. இந்தியாவைப் பற்றி ஐரோப்பியர் அறிந்ததெல்லாம் ஆங்கிலேயர் எழுதிய நூல்களிலிருந்தே. அந்நிலையில் இந்தியனே தன் கட்சியைத் தானே எடுத்துரைக்க வேண்டும் என்று துணிந்த அச்செயலின் அருமையைப் பத்திரிகைத் தொழிலில் உழல்வோர் நன்கு உணர்வார்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டது. செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் யுத்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே தோன்றிக் குண்டுமாரி பொழிந்தது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. சென்னைவாசிகள் மூட்டை முடிச்சுகளுடன் உள்நாட்டுக்கு ஓடினார்கள். எம்டன் என்ற சொல்லே தமிழில் எதற்கும் துணிந்தவனைக் குறிக்கும் சொல்லாக ஊன்றிவிட்டது. அக்கப்பலைச் செலுத்தி வந்தவர் கேப்டன் வான் முல்லர். அதில் செண்பகராமன் இருந்தார் என்பது பிற்காலத்தில் எழுந்த கர்ணபரம்பரைக் கதை. எம்டன் புறப்பட்டது சீனக் கரையிலிருந்த ஜெர்மன் துறைமுகமான ஸிங்டோவிலிருந்து. செண்பகராமனோ அந்தச் செப்டம்பர் மாதத்தில் சூரிச்சில் இருந்துகொண்டு, ஜெர்மனியில் பிரசுரங்கள் வெளியிட அனுமதி கோரி அங்கிருந்த ஜெர்மன் ஸ்தானிகருக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒரே மனிதர் ஒரே காலத்தில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலும் வங்கக் கடலிலும் இருக்க இயலாது. இந்தப் பொய்ச் சாட்சியத்தை நீக்கினால் அவருடைய கீர்த்திக்குக் குறைவு நேருமென்று அஞ்ச வேண்டியதில்லை. மெய்யான சாட்சியமே போதுமான அளவு இருக்கிறது.

அக்டோபர் மாதத்தில் அவர் பெர்லின் நகருக்குச் சென்றார். அங்கே ஜெர்மன் வெளிநாட்டு இலாகாவின் உதவியுடன் இந்தியர்கள் ஒரு கமிட்டி அமைத்துக்கொண்டிருந்தார்கள். பெர்லின் கமிட்டி என்று சரித்திரத்தில் வழங்கும் ஸ்தாபனம் இதுவே. கவிக்குயில் ஸரோஜினி தேவியாரின் சகோதரரான வீரேந்திரநாத் சட்டோபாத்யாயர், விவேகானந்த சுவாமிகளின் இளைய சகோதரரான பூபேந்திரநாத் தத்தர், லாலா ஹர்தயாள், மௌல்வி பரக்கத்துல்லா, தாரக்நாத் தாஸ் முதலியோர் இக்கமிட்டியில் வெவ்வேறு காலங்களில் பணியாற்றினார்கள். வங்காளி, பஞ்சாபி, முஸ்லிம், தமிழர் என்ற பேதமின்றி இந்தியர் என்ற ஒரே பெயரில் அன்னிய மண்ணில் கூடிய சபை அது. தாய்நாட்டில் அத்தகைய சபையைக் கூட்டினால் மறுநாளே சிறைக்கதவு திறந்திருக்கும்.

கமிட்டியின் வேலைத்திட்டம் சிறியதன்று. பிரான்ஸ் யுத்த களத்தில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களுக்காகப் பெர்லினுக்குத் தெற்கே ஸோஸனுக்கு அருகில் முகாம் அமைந்திருந்தது. கமிட்டி அங்கத்தினர்கள் அங்கே சென்று பிரசாரம் செய்தார்கள். அக்கைதிகளுக்காகவே உருதுவிலும் ஹிந்தியிலும் பத்திரிகை அச்சிடப்பட்டது. அமெரிக்காவிலிருந்த கதர் கட்சியினருக்கு ஆயுதம் வாங்கப் பணம் சென்றது. ராஜா மகேந்திர பிரதாப் தலைமையில் ஒரு தூதுக்குழு, பாலைவனங்களைக் கடந்து காபூலை அடைந்தது. அங்கே 1915ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி சுதந்திர இந்தியாவின் தற்காலிக சர்க்கார் பிரகடனம் செய்யப்பட்டது. மகேந்திர பிரதாப் ஜனாதிபதி. பரக்கத்துல்லா பிரதம மந்திரி. அந்தச் சர்க்காரின் வெளிநாட்டு மந்திரியாகக் குறிக்கப்பட்டவர் பெர்லினில் இருந்த நமது செண்பகராமன் பிள்ளை. போலீஸ் உத்தியோகஸ்தரின் மகன் இருபத்துநான்காம் வயதில், இன்னும் பிறக்காத ஒரு ராஜ்யத்தின் மந்திரியானார். சேனையும் இல்லை, கஜானாவும் இல்லை. ஆயினும் இந்தியா தனக்கென ஒரு சர்க்காரை உடைய தேசம் என்று உலகுக்கு அறிவித்த செயல் அது.

இவ்விடத்தில் நேயர்களைச் சற்று வேறு திசைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. செண்பகராமன் ஸ்விட்ஜர்லாந்திலிருந்து பெர்லினுக்குச் சென்ற சில மாதங்களுக்குள், மற்றொரு அடிமைத் தேசத்தின் புதல்வர் அதே ஸ்விட்ஜர்லாந்தில் வந்து அடைக்கலம் புகுந்தார். அவர் பெயர் மஸாரிக், வண்டியோட்டியின் மகன், பிராக் சர்வகலாசாலையில் தத்துவப் பேராசிரியர், அறுபத்துநான்கு வயது கடந்தவர். 1914ஆம் ஆண்டு டிசம்பரில் நாட்டைவிட்டு வெளியேறிய அவர், 1915ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், செக் மக்களின் ஞானாசிரியரான ஜான் ஹஸ் நெருப்பில் இடப்பட்ட ஐந்நூறாவது ஆண்டு நாளன்று, ஜினீவா நகரில் ஆஸ்திரிய ராஜ வம்சத்துக்கு விரோதமாகப் பகிரங்கமாக எழுந்து நின்றார். பின்பு பெனேஷ், ஸ்டெபானிக் என்ற இரு இளைஞர்களுடன் சேர்ந்து, பாரிஸ் நகரில் செக் தேசியக் கவுன்ஸிலை நடத்தினார்.

இரு இயக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது வியப்பு மேலிடுகிறது. இருவரும் நாட்டைத் துறந்தவர்கள். இருவரும் தம்மை ஆண்ட அரசின் பகைவனிடம் உதவி நாடியவர்கள். செக் தலைவர்கள் பிரிட்டனையும் பிரான்ஸையும் ருஷ்யாவையும் நாடினார்கள். நம்மவர் ஜெர்மனியை நாடினார்கள். இருவரும் யுத்தக் கைதிகளிடையே சேனை திரட்ட முயன்றார்கள். இருவரும் பத்திரிகை நடத்தினார்கள். சட்டத்தின் கண்ணில் இருவரும் ராஜத்துரோகிகளே. செக் சேனையில் சேர்ந்தவர்கள் ஆஸ்திரியர் கையில் சிக்கியபோது தூக்கிலிடப்பட்டார்கள். அதே சேனைக்கு ஒன்றிரண்டு ஆண்டுகளில் பிராக் நகரம் மாலை சூட்டி வரவேற்பு அளித்தது.

ஆனால் மற்றொரு செய்தி வியப்பை மட்டுமின்றி வேதனையையும் தருவது. அமெரிக்காவில் குடியேறியிருந்த செக் மக்களிடையே வோஸ்கா என்பவர் ஓர் ஒற்றர் படை அமைத்திருந்தார். மஸாரிக்கின் அந்தரங்க நண்பர் அவர். ஆஸ்திரியப் பிரஜைகள் என்ற காரணத்தால் அவருடைய ஆட்கள் மீது ஜெர்மானியருக்கும் ஆஸ்திரியருக்கும் சந்தேகம் எழவில்லை. அவர்களுடைய ஸ்தானிகர் காரியாலயங்களில் புகுந்து, கிடைத்த ரகசியங்களை அமெரிக்காவிலிருந்த பிரிட்டிஷ் கடற்படைப் பிரதிநிதியிடம் சேர்ப்பித்தார்கள். இந்தியப் புரட்சிக்காரர்களுக்கு ஆயுதம் அனுப்பும் திட்டமும் அவ்வாறு செக் தேசபக்தர்கள் மூலமாகவே பிரிட்டனுக்கும் அமெரிக்க அதிகாரிகளுக்கும் எட்டியது.

1915ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆனி லார்ஸன் என்ற பாய்க்கப்பல் துப்பாக்கிகளை ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவின் ஸான் டியாகோவிலிருந்து புறப்பட்டது. மெக்ஸிகோவுக்கு மேற்கே ஸொக்கோரோ என்ற தீவில் மாவெரிக் என்ற மற்றொரு கப்பலுக்கு அவற்றை மாற்ற ஏற்பாடு. குடிதண்ணீர் தீர்ந்து முதற் கப்பல் தீவை விட்டு அகன்ற பின்னரே இரண்டாவது வந்து சேர்ந்தது. ஜூன் மாத இறுதியில் ஆனி லார்ஸனை அமெரிக்க அதிகாரிகள் ஆயுதங்களுடன் கைப்பற்றினார்கள். ஜெர்மன் ஆயுதங்களை எதிர்நோக்கி ஒரிஸ்ஸாவில் பாலஸோர் பகுதியில் காத்திருந்த ஜதீந்திரநாத் முகர்ஜி, செப்டம்பரில் போலீஸ் படையுடன் பொருதிக் காயமுற்று உயிர் நீத்தார். அத்திட்டம் முறிந்ததற்குக் காலக்கேடு, ஏற்பாட்டுக் குறை, நம்மவர்களிடையே இருந்த காட்டிக்கொடுப்போர் எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் செக் ஒற்றர் படையின் கைவரிசையும் ஒன்று.

விடுதலைக்காகப் போராடிய ஒரு தேசம், விடுதலைக்காகப் போராடிய மற்றொரு தேசத்தின் ரகசியத்தை அதன் எஜமானனிடம் ஒப்படைத்தது! இதைக் கேட்டு நம் நேயர்கள் செக் மக்கள்மீது சினங்கொள்ளக்கூடும். ஆனால் நம் வீட்டுச் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். பாளையக்காரர் காலத்தில் இந்த வடகரையும் ஒரு பாளையம். 1759ஆம் ஆண்டில், நவாபுக்காகவும் கும்பினிக்காகவும் போர் நடத்திய யூசுப்கான், களக்காட்டுச் சீமையைத் தருவதாகக் காட்டித் திருவாங்கூர் மன்னரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அதுவரையில் பூலித்தேவருக்குத் துணைநின்ற திருவாங்கூர்ப் படை கும்பினிக்காரனின் படையோடு சேர்ந்து வந்து வடகரையைத் தாக்கியது. வடகரைப் பாளையக்காரர் தம் கோட்டையை விட்டு ஓடிப் பூலித்தேவரிடம் தஞ்சம் புகுந்தார். அடுத்த வீட்டுக்காரன் வீழ்ந்தால் அடுத்து வீழ்வது நாமே என்பதை ஒரு சீமையின் ஆசையில் மறந்தார்கள். செக் மக்கள் அறிந்திராத நம்மை அவர்கள் காட்டிக்கொடுத்ததில் என்ன அதிசயம்? அறிந்தவர்களே நமக்கு அதைச் செய்திருக்கிறார்கள். வல்லரசுகளின் சதுரங்கத்தில் சிறிய காய்கள் ஒன்றையொன்று வெட்டுவது பழைய வழக்கம். ஆட்டக்காரனுக்கு அதில் நஷ்டமில்லை.

சரி, ஒரே விதமான முயற்சியில் செக் மக்கள் வென்றார்கள், நாம் தோற்றோம், காரணம் யாது? செண்பகராமனுக்கு மஸாரிக்கைவிடத் துணிவு குறைவு என்றோ, பற்றுக் குறைவு என்றோ எவரும் சொல்ல முடியாது. நமக்குத் தோன்றுவன மூன்று காரணங்கள்.

முதலாவது, யுத்தத்தின் முடிவு. மஸாரிக் சாய்ந்து நின்ற தூண் நிலைத்தது. செண்பகராமன் சாய்ந்து நின்ற தூண் 1918ஆம் ஆண்டு நவம்பரில் இடிந்து விழுந்தது. அவ்வாண்டு கோடையில் பிரான்ஸும் பிரிட்டனும், செப்டம்பரில் அமெரிக்காவும் செக் தேசியக் கவுன்ஸிலை அங்கீகரித்தன. அக்டோபர் 18ஆம் தேதி வாஷிங்டனிலிருந்து சுதந்திரப் பிரகடனம் வெளிவந்தது. பத்து நாட்களில் பிராக் நகரில் குடியரசு பிறந்தது. அதே அமெரிக்காவில், அதே ஆண்டு ஏப்ரலில்தான், ஸான் பிரான்ஸிஸ்கோ நீதிமன்றத்தில் நமது புரட்சிக்காரர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டார்கள். செக் நாட்டுக்கு நியாயமாகத் தோன்றியது இந்தியாவுக்குச் சதியாகத் தோன்றியது. தேசங்களின் சுயநிர்ணய உரிமை என்ற மந்திரம் ஸூயஸ் கால்வாயைத் தாண்டும்போது சக்தி இழந்துவிடுகிறது போலும்!

இரண்டாவது, ஆள்பலம். ருஷ்யாவில் கைதிகளாக இருந்த செக் சிப்பாய்கள் நாற்பதாயிரம் பேருக்கு மேல் மஸாரிக்கின் சேனையில் சேர்ந்தார்கள். கட்டாயத்தால் ஆஸ்திரியக் கொடியின்கீழ் நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள். அக்கொடியை எறிந்துவிடத் தருணம் பார்த்திருந்தவர்கள். ஸோஸன் முகாமில் இருந்த நமது சிப்பாய்களின் நிலை வேறு. வறுமையினால் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். ஊரில் இருந்த துண்டு நிலமும் குடும்பத்தின் பிழைப்பும் சர்க்கார் தயவில் தொங்கிக்கொண்டிருந்தன. அவர்களிடையே தேசிய உணர்ச்சியை விதைக்க யுத்தத்துக்கு முன்பே பல ஆண்டுகள் எவரும் உழைத்திருக்கவில்லை. ஆகவே பெர்லின் கமிட்டியின் பிரசாரம் அங்கே சொற்பப் பலனையே தந்தது.

மூன்றாவதும் தலையாயதும், தாய்நாட்டுடன் தொடர்பு. அமெரிக்காவில் குடியேறிய செக் தொழிலாளர்கள் தம் கூலியிலிருந்து மஸாரிக்குக்குப் பணம் அனுப்பினார்கள். பிராக் நகரில் ரகசியச் சங்கம் ஒன்று அவருடன் ஓயாது தொடர்பு வைத்திருந்தது. கதர் கட்சியிலும் நம் உழைப்பாளர் தங்கள் காசை வாரிக் கொடுத்தது உண்மையே. ஆயினும் பெர்லின் கமிட்டி செலவுக்கு ஜெர்மன் கஜானாவையே நம்பியிருந்தது. தமிழ்நாட்டின் நிலையை எண்ணிப் பார்த்தால் மனம் கசிகிறது. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1912ஆம் ஆண்டு இறுதியில் சிறையிலிருந்து வெளிவந்து வறுமையில் வாடிக்கொண்டிருந்தார். சுப்பிரமணிய சிவா பிணியுற்றிருந்தார். பாரதியாரும் வ. வே. ஸு. ஐயரும் புதுச்சேரியை விட்டு வெளியே கால் வைக்க முடியாதிருந்தார்கள். ஆஷ் கொலைக்குப் பின் திருநெல்வேலிச் சீமை முழுவதும் போலீஸின் நிழலில் இருந்தது. பெர்லினிலிருந்து செண்பகராமன் குரல் கொடுத்தாலும் அதைக் கேட்டு எழுந்திருக்க இங்கே எவரும் சுயேச்சையாக இல்லை. அந்தக் குறை அவருடையதன்று. அது காலத்தின் குறை.

யுத்தம் முடிந்ததும் கமிட்டி கலைந்தது. ஜெர்மனிக்கு இனி இந்தியர்களால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. தாய்நாட்டுக்குத் திரும்பினால் பிரிட்டிஷ் சர்க்காரின் பிடியில் சிக்க வேண்டும். ஆகவே செண்பகராமன் பெர்லினிலேயே தங்கினார். ஜீவனத்துக்கு உழைத்துக்கொண்டே தம் தேசத்துக்காக எழுதியும் பேசியும் வந்தார். கடைசி ஆண்டுகளில் லக்ஷ்மிபாய் என்ற இந்திய மாதரசியை மணந்தார். அதற்குள் ஜெர்மனியின் வானம் இருண்டுகொண்டு வந்தது. ஹிட்லர் தாம் எழுதிய நூலில், ஐரோப்பாவில் திரிந்த இந்திய விடுதலை வீரர்களை ஏளனம் செய்து, இந்தியா பிரிட்டன் கையிலேயே இருப்பதை விரும்புவதாக எழுதியிருந்தார். செண்பகராமனைப் போன்றவர்களையே அந்த ஏளனம் சுட்டியது. எந்த நாட்டை நண்பன் என்று நம்பி ஒரு மனிதர் தம் இளமையைச் செலவிட்டாரோ, அந்த நாட்டின் புதிய தலைவன் அவருடைய தேசத்துக்கு எழுதிவைத்த சாஸனம் இதுதான்.

நாஜிகள் ஆட்சிக்கு வந்து ஓராண்டு கடந்திருந்தது. 1934ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் தேதி செண்பகராமன் பிள்ளை பெர்லினில் காலமானார். வயது நாற்பத்திரண்டு. கொழும்பில் திரும்பாமல் போன அந்தக் கப்பற் பயணம் இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் இவ்விதம் முடிவுற்றது. தம் அஸ்தியைக் கரமனை ஆற்றிலும் நாஞ்சில் நாட்டு வயல்களிலும் சேர்க்க வேண்டும் என்பது அவருடைய கடைசி விருப்பம். அந்த அஸ்தியை லக்ஷ்மிபாய் அம்மையார் தாய்நாட்டுக்குக் கொண்டு வந்து, பம்பாயில் தம்முடனேயே வைத்துக் காத்து வந்தார். இந்தியா சுதந்திரமடைந்து பத்தொன்பது ஆண்டுகள் சென்ற பின்னரே, 1966ஆம் ஆண்டு செப்டம்பரில், ஐ.என்.எஸ். டெல்லி என்ற நமது கடற்படைக் கப்பல் அதனை மரியாதையுடன் கொச்சிக்குக் கொண்டு வந்தது. எம்டனில் வந்ததாக ஊரார் சொன்ன அவர், உண்மையில் யுத்தக் கப்பலில் வந்தது அந்த ஒரு முறைதான்; அதுவும் சுதந்திர இந்தியாவின் கொடி பறந்த கப்பலில்.

வென்ற மஸாரிக்கின் குடியரசு என்னவாயிற்று என்பதையும் சொல்லியே முடிக்க வேண்டும். அவர் 1937ஆம் ஆண்டு செப்டம்பரில் மறைந்தார். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் மியூனிக் நகரில் பிரிட்டனும் பிரான்ஸும் ஜெர்மனியும் இத்தாலியும் கூடி, செக் பிரதிநிதிகளுக்கு அந்த மேஜையில் இடமே அளிக்காமல், அந்நாட்டின் எல்லைப் பிரதேசத்தை ஹிட்லருக்குத் தாரை வார்த்தார்கள். 1939ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் தேதி பிராக் நகரில் ஜெர்மன் சேனை புகுந்தது. பெனேஷ் மறுபடியும் நாடு துறந்து லண்டனில் கொலுவிருக்க வேண்டியதாயிற்று. அன்னியர் உதவியால் வந்தது அன்னியர் சம்மதத்தாலேயே போயிற்று. வென்றவருக்கும் தோற்றவருக்கும் சரித்திரம் கற்பித்த பாடம் ஒன்றே. வல்லரசின் நட்பு கடனாக வாங்கிய குடையைப் போன்றது. மழை வலுக்கும்போது உடையவன் வந்து கேட்பான்.

அப்படியானால் அன்னிய நாட்டில் செய்த தியாகமெல்லாம் வீண்தானா? அல்ல என்பதே நம் துணிபு. 1941ஆம் ஆண்டில் சுபாஷ் சந்திர போஸ் பெர்லினை அடைந்தபோது, இந்தியர் அங்கே தேச விடுதலைக்காக ஸ்தாபனம் அமைப்பது புதுமையாக இருக்கவில்லை. வழி ஏற்கெனவே செப்பனிடப்பட்டிருந்தது. 1943ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி சிங்கப்பூரில் ஆஸாத் ஹிந்த் சர்க்கார் பிரகடனமானபோது, காபூலில் கண்ட கனவுக்குச் சேனையும் கஜானாவும் கிடைத்தன. மலாய் நாட்டுத் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளர்கள் அச்சேனையில் துப்பாக்கி ஏந்தினார்கள். தமிழ்ப் பெண்கள் ராணி ஜான்ஸி படையில் நின்றார்கள். செண்பகராமனுக்கு இல்லாதிருந்த ஆள்பலம் அதுவே. அச்சேனையின் தளபதிகள்மீது 1945ஆம் ஆண்டில் செங்கோட்டையில், அதாவது டில்லியிலுள்ள செங்கோட்டையில், வழக்கு நடந்தபோது, அடிமைப்பட்ட மக்கள் தம் விடுதலைக்காக யுத்தம் நடத்தும் உரிமை உடையவர்கள் என்று புலாபாய் தேசாய் வாதித்தார். மஸாரிக்குக்கு உலகம் வழங்கிய அந்த நியாயத்தை நம்மவருக்கும் நீதிமன்றத்தில் கேட்டுப் பெற முப்பதாண்டுகள் சென்றன. தண்டனை விதித்த சர்க்காரே அதை நிறைவேற்றத் துணியாமல் தளபதிகளை விடுவித்தது. ஏனெனில் இந்தத் தடவை குரலைக் கேட்டு எழுந்து நிற்கத் தேசம் முழுவதும் தயாராக இருந்தது.

ஒரு தேசபக்தரை அவர் நம்பிய நாடு வென்றதா தோற்றதா என்று பார்த்து அளப்பது நீதியன்று. அவர் தம் மக்களுக்காக எதைக் கொடுத்தார் என்பதே அளவுகோல். அவ்விதம் அளந்தால் செண்பகராமன் பிள்ளை எவருக்கும் குறைந்தவரல்லர். சென்னை காந்தி மண்டப வளாகத்தில் அவருக்குச் சிலை உண்டு. ஆனால் சிலையைப் பார்க்கும் பிள்ளைகளின் மனத்தில் எம்டனின் புகைதான் தெரிகிறது. சூரிச்சில் தனியே உட்கார்ந்து பத்திரிகை எழுதிய இளைஞனின் முகம் தெரியவில்லை. வடகரை, தென்காசி, செங்கோட்டை வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களில் வாஞ்சியின் கதையைச் சொல்லும் உபாத்தியாயர்கள், அதனுடன் இந்தக் கதையையும், கட்டுக்கதை கலவாமல் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஊர் திரும்பாத பிள்ளைக்கு ஊரார் செலுத்தக்கூடிய கடன் அவரை உள்ளபடி அறிந்துகொள்வதே.